பதினெட்டு கோடி ஊரும் இரண்டு கோடி ஊரும்

தென்காசி ரோட்டில் ஐயாதுரையின் ஷேர் ஆபீசுக்கு முன்னால் காலையிலேயே கூட்டம். உள்ளே வர யாருக்கும் வேலை இல்லை. எல்லாருக்கும் வேண்டியது வாசலில் தொங்கிய கரும்பலகைதான்.

மற்ற ஊர் ஏஜெண்டுகள் பலகையில் ஷேர் விலையை மட்டும் எழுதுவார்கள். ஐயாதுரை அதற்கும் மேலே, பலகையின் நெற்றியில், இன்னொரு வரி சேர்த்திருந்தான்.

'வெளிநாட்டுப் பணம்: ராஜபாளையம் 18 கோடி, ஸ்ரீவில்லிபுத்தூர் 2 கோடி.'

கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. பஸ்ஸில் போகிறவர்கள்கூட ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

1994, மார்ச் மாதம். வெளிநாட்டுக் கம்பெனிகள் நம் நாட்டு ஷேர்களை வாங்கலாம் என்று டெல்லி கதவைத் திறந்துவிட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பம்பாயோடு நின்றுவிடும் என்று நினைத்த பணம் இந்தக் கரிசல் மூலைக்கும் வந்து சேர்ந்தது. ராஜபாளையத்தில் மேகமலை ஸ்பின்னர்ஸ். வடக்கே அரை மணி பஸ் தூரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் செண்பகத்தோப்பு மில்ஸ். ஒரே வெளிநாட்டு நிதிக் கம்பெனி இரண்டிலும் கை வைத்தது. மேகமலை ஷேர் நாற்பது ரூபாயிலிருந்து இருநூற்று எண்பதுக்கு எகிறியது. செண்பகத்தோப்பு ஐம்பதைத் தாண்டவே திணறியது.

"ஏலே ஐயாதுரை, எங்க பக்கம் ஒரு மூணுன்னாவது போடுலே. ஊரு மானம் போவுது!"

குரல் கொடுத்தவன் பால்ச்சாமி. செண்பகத்தோப்பு மில்லில் ஃபிட்டர். ஐயாதுரையோடு ஒரே பெஞ்சில் படித்தவன். ராஜபாளையம் வந்தால் இந்தப் பலகை முன்னால் நின்று வம்பிழுக்காமல் போகமாட்டான்.

"வந்தா போடுதேன். வராததை எழுத இது என்ன எலெக்‌ஷன் நோட்டீஸா?" என்றான் ஐயாதுரை.

"சரிதாம்டே. எங்க ரெண்டு கோடிக்கு மரப்பெட்டி மரப்பெட்டியா மெஷின் வந்து எறங்குது. கார்டிங்ல பறக்குத பஞ்சுத் தூசியை அப்படியே உறிஞ்சி வெளிய தள்ளிருமாம். லாரியிலருந்து எறக்கி எறக்கி இடுப்பே போச்சு எனக்கு. உங்க பதினெட்டுக்கு என்னலே வந்து எறங்குச்சு?"

"பெரிய பணம்டே. பைய வரும்."

கூட்டம் சிரித்தது. ஐயாதுரையும் சிரித்தான். பால்ச்சாமி கேட்டது அன்றைக்கு அவனுக்கு உறைக்கவில்லை.

கூட்டத்தின் ஓரத்தில் ஒருவர் மட்டும் சிரிக்க முயன்று, முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். நைட் ஷிஃப்ட் முடித்து வரும் வழியில் தினமும் இந்தப் பலகையைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போகும் மாரிசாமி. ஐயாதுரையின் அக்கா புருஷன்.

*

மேகமலை மில்லில் பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கும் கார்டிங் டிபார்ட்மெண்டில் மாரிசாமிக்கு இருபது வருஷ சர்வீஸ். அத்தனை வருஷத் தூசியும் அவர் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. மதுரை டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரே பேச்சாகச் சொன்னார். "பஞ்சை விட்டு வெளிய வாங்க. இன்னும் ரெண்டு வருஷம் அதுக்குள்ள நின்னா, பொறவு வெளிய வந்தும் பிரயோஜனம் இல்ல."

வெளியே வர வழியும் இருந்தது. ஐயாதுரையே பார்த்து வைத்திருந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் ஒரு பலசரக்குக் கடை, சரக்கோடு கைமாற்றத் தயாராக இருந்தது. அக்கா செல்லக்கனியிடம் மேகமலை ஷேர் ஐந்நூறு. இன்றைய விலைக்கு விற்றால் கடையும் வாங்கலாம், கையிலும் கொஞ்சம் மிஞ்சும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் அதைச் சொன்னான். மாரிசாமி சாப்பிட்ட கையைக் கழுவாமலே நிமிர்ந்தார்.

"சீரை விக்கச் சொல்லுதியா மாப்ள?"

அங்கேதான் முடிச்சு.

மேகமலை மில் தொடங்கிய காலத்தில் முதலாளி வீட்டார் ஊர்க்காரர்களிடம் கையேந்தித்தான் பங்குப் பணம் திரட்டினார்கள். அன்றிலிருந்து ஒரு வழக்கம். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது சீர்த் தட்டில் மஞ்சள், குங்குமம், புடவை. அதற்கு மேலே மேகமலை ஷேர் பத்திரம். சீர்ப் பங்கு என்றே பெயர். அதை வாங்குவார்கள், வைத்திருப்பார்கள், மகளுக்குக் கொடுப்பார்கள். விற்க மாட்டார்கள். வருஷாவருஷம் மில் பொதுக்கூட்டத்தில் சேர்மன் கையாலேயே, சீர்ப் பங்கு வைத்திருக்கும் குடும்பங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தாம்பூலத் தட்டு கொடுப்பார்கள். விற்றவன் பேர் அந்த வருஷம் வராது. மறுநாள் காலை குழாயடியில் 'அந்த வீடு நொடிச்சுப் போச்சாம்ல' என்று பேச்சு வந்துவிடும். சில வருஷம் முன்பு அதே தெருக் குருவம்மாள் வீட்டில் மாடி கட்டுவதற்காகத்தான் விற்றார்கள். அந்த மாடியைப் பார்த்துக்கொண்டே, அவள் மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள்.

"மச்சான், உசுரு பெருசா தட்டு பெருசா?" என்றான் ஐயாதுரை.

"நீதானப்பா போர்டுல எழுதி வச்சிருக்க, பதினெட்டு கோடின்னு? வெள்ளைக்காரன் கப்பலேறி வந்து வாங்குத பொருளை நான் விக்கணுமோ? அவன் என்ன கிறுக்கனா?" மாரிசாமி செத்த நேரம் மூச்சு வாங்கிக்கொண்டார். "மொதலாளி ஷிஃப்ட் கேட்டுலயே வந்து சொல்லிட்டாரு. அந்தப் பணத்துல தூசி இல்லாத மெஷின் வருதாம். பால்ச்சாமி மில்லுக்கே வந்துருச்சு. பதினெட்டு கோடி வந்த எங்களுக்கு வராதா? அது வந்த பொறவு எனக்கு எதுக்குப் பலசரக்குக் கடை?"

ஐயாதுரை எழுதிய வரியையே அவர் அவனிடம் திருப்பிப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

அடுப்படி நிலையில் சாய்ந்து நின்ற செல்லக்கனி மோர்ச் செம்பை எடுத்துப் புருஷன் பக்கத்தில் வைத்தாள்.

*

ஜூலை மாதம் மெட்ராஸ் புரோக்கரிடமிருந்து போன்.

"ஐயாதுரை சார், உங்க மேகமலையில அந்த வெளிநாட்டுக்காரங்க இன்னொரு அம்பதாயிரம் ஷேர் அள்ளிட்டாங்க. மார்க்கெட்லதான்."

ஐயாதுரை உற்சாகமாகப் போனை வைத்தான். சாக்பீஸை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். பதினெட்டை அழித்தான். பத்தொன்பதின் முதல் கோட்டை இழுத்தான்.

கை நின்றுவிட்டது.

அவர்கள் ஐம்பதாயிரம் ஷேர் வாங்கினால், யாரோ ஐம்பதாயிரம் ஷேர் விற்றிருக்க வேண்டும்.

யார்?

ஊரில் எவனும் விற்கவில்லை. விற்பதென்றால் அவனிடம்தான் வரவேண்டும். இந்த வருஷம் முழுக்க மேகமலையில் ஒரு பங்குகூட விற்பனைக்கென்று அவன் மேஜைக்கு வரவில்லை. சீர்ப் பங்கை எவன் விற்பான்?

சாக்பீஸை விரலுக்குள் உருட்டிக்கொண்டே நின்றான். தொழிலுக்கு வந்த முதல் நாள் கற்றுக்கொண்ட பாடம். மார்க்கெட்டில் ஒருவன் ஷேர் வாங்கினால் அந்தப் பணம் கம்பெனிக்குப் போகாது. விற்றவன் பைக்குத்தான் போகும். கம்பெனியே புது ஷேர் போட்டுக் கொடுத்தால்தான் பணம் மில்லுக்குள் வரும். செண்பகத்தோப்பில் அப்படித்தான் நடந்தது. புது ஷேர் போட்டார்கள், இரண்டு கோடி நேராக மில்லுக்குள் போயிற்று, மரப்பெட்டிகளாக வந்து இறங்கியது. மேகமலை ஒரு புது ஷேர்கூடப் போடவில்லை. இவ்வளவும் தெரிந்த அவனே பதினெட்டையும் இரண்டையும் ஒரே வரியில் எழுதி, ஊருக்கு ஸ்கோர் காட்டிக்கொண்டிருந்தான்.

உள்ளே ஓடி மெட்ராசுக்கு மறுபடியும் டயல் செய்தான்.

"விக்கறது யாரு சார்?"

எதிர்முனையில் சிரிப்பு. "பேரெல்லாம் சொல்லப்படாது. கட்டுக் கட்டா உங்க ஊர்ப் பெரிய வீட்லேர்ந்துதானே வருது? உமக்கே தெரியாதா? நல்லா இருக்குய்யா!"

பெரிய வீடு என்றால் ராஜபாளையத்தில் அர்த்தம் ஒன்றுதான். மேகமலை சேர்மன் பொன்னுராஜின் வீடு.

பதினெட்டு கோடியில் ஒரு ரூபாய்கூட மில் வாசலை மிதிக்கவில்லை. தூசி இல்லாத மெஷின் வரப்போவதில்லை. மாரிசாமி வராத ஒன்றுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

ஐயாதுரை வெளியே வந்து பலகையின் மேல் வரியைத் துணியால் துடைத்தான்.

"ஏன்டே அழிச்சுட்ட?" எதிர்க்கடையிலிருந்து ஒருவர் கத்தினார். "நம்ம ஊரு ஜெயிச்சா உனக்கு என்ன வயித்தெரிச்சல்?"

*

செல்லக்கனிக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. புருஷன் ஷிஃப்டுக்குப் போயிருந்த நேரம். தம்பி சொன்னதைக் கேட்டுவிட்டு உள்ளே போனாள். கல்யாணப் புடவைக்கு அடியிலிருந்து பத்திரங்களை எடுத்துவந்தாள். ஓரத்தில் பழைய மஞ்சள் கறை இருந்தது.

"எம் பேர்லதான இருக்கு? எங்க கையெழுத்து போடணும்?"

ஐயாதுரை காட்டிய இடங்களிலெல்லாம் போட்டாள். போட்டுவிட்டுப் பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கேன் தம்பி. அடுத்த மாசம் மில்லு மீட்டிங். அதுல ஒரே ஒரு தடவை எங்க பேரைக் கூப்பிட்டுரட்டும். அவிய போயி தட்டை வாங்கிக்கிடட்டும். மறுநாள் காலையில நீ வித்துரு. பொறவு ஏசுனா ஏசட்டும், அடிச்சா அடிக்கட்டும். கடையில உக்காந்து ஏசட்டுமே."

"விலை இருக்கும்போதே..."

"ஒரு மாசம்தானப்பா?"

விலை அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஐயாதுரை தலையாட்டினான். பத்திரங்களும் கையெழுத்திட்ட விற்பனை ஃபாரங்களும் அவன் பீரோவுக்குப் போயின.

*

மில் கேண்டீன் கொட்டகையில் பொதுக்கூட்டம். ஆண்கள் ஒரு பக்கம், சீர்ப் பங்குக்காரப் பெண்கள் ஒரு பக்கம். மேடையில் பொன்னுராஜ், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பக்கத்தில் அடுக்கடுக்காகத் தாம்பூலத் தட்டு. பந்தியில் லட்டு வாசனை.

பொன்னுராஜ் மைக்கைப் பிடித்தார். கடல் கடந்து வந்து நம் ஊரை நம்பியிருக்கிறார்கள் என்றார். பக்கத்து ஊருக்கு வந்ததைப் போல ஒன்பது மடங்கு என்றார். கைதட்டல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

ஐயாதுரைக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. அக்காவின் ஷேர்கள் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. நாளைக் காலை விற்றுவிடலாம். ஆனால் இந்தக் கொட்டகையில் இருக்கிற மற்றவர்கள்? எழுந்துவிட்டான்.

"மொதலாளி, ஒரு கேள்வி. ஊர்க்காரன் எவனும் விக்கல. மில்லும் புது ஷேர் போடல. அப்போ வெள்ளைக்காரனுக்கு வித்தது யாரு? அந்தப் பதினெட்டு கோடி எங்க இருக்கு?"

பொன்னுராஜ் முகம் மாறவே இல்லை. சிரித்தார்.

"நம்ம ஐயாதுரைக்கு என்மேல ரொம்ப நாளாக் கோபம். நீங்க யாரும் விக்கிறதில்ல பாருங்க, அவருக்குக் கமிஷன் வர மாட்டேங்குது!"

சிரிப்பு வெடித்தது. முன்வரிசையில் ஒருவர், "உக்காருலே தரகா!" என்றார். பின்னாலிருந்து ஒரு லட்டு பறந்துவந்து அவன் தோளில் பட்டு உதிர்ந்தது.

பொன்னுராஜ் கையை உயர்த்திச் சிரிப்பை அடக்கினார். அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்தார்.

"இந்த வருஷம் முதல் தாம்பூலம் யாருக்குத் தெரியுமா? இருபது வருஷமா நம்ம கார்டிங்கைத் தாங்குற மாரிசாமிக்கு. செல்லக்கனி அம்மா சீர்ப் பங்கு ஐந்நூறு. மேல வாப்பா மாரிசாமி!"

முதல் தாம்பூலம் எப்போதும் பெரிய குடும்பங்களுக்குத்தான் போகும். தொழிலாளி ஒருவனுக்குப் போனதே இல்லை. மாரிசாமி படியில் தடுமாறி ஏறினார். கண் கலங்கியிருந்தது.

தட்டைக் கொடுத்தவர் விடவில்லை. இரண்டு பேர் கையும் தட்டில் இருக்க, பொன்னுராஜ் மைக்குக்குக் கேட்கும்படி கேட்டார்.

"உன் மச்சினன் பேச்சைக் கேட்டுச் சீரை வித்துருவியா மாரிசாமி?"

மாரிசாமி கூட்டத்தைப் பார்த்தார். பிறகு வெற்றிலை மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தார்.

"மொதலாளி, இந்தத் தட்டு சத்தியமா... எங்க வீட்டுச் சீரு வெளிய போவாது. எம்புட்டு வெலை வந்தாலும் போவாது."

கொட்டகை எழுந்து நின்று கை தட்டியது. ஐயாதுரை பெண்கள் பக்கம் திரும்பினான். செல்லக்கனி மட்டும் எழவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் ஆபீசுக்கு வந்தாள்.

"குடுத்துரு தம்பி."

"அக்கா, இன்னிக்கு வெலை இருநூத்தித் தொண்ணூறு. நான் இப்பமே போன் போட்டா..."

"ஊரு முன்னால தட்டுமேல கைய வச்சுட்டாவ. இனி நான் வித்தா அவிய மூச்சு முட்டிச் சாக மாட்டாவ. நாண்டுகிட்டுச் செத்துருவாவ." கையை நீட்டினாள். "நீ ஏன்லே எந்திரிச்ச? ஒரு ராத்திரி வாய மூடிட்டு இருந்திருந்தா என்ன?"

அவன் பீரோவைத் திறந்தான்.

*

வெளிநாட்டுக் கம்பெனி வந்ததற்குத்தான் கூட்டம், போஸ்டர், லட்டு எல்லாம். போனதற்கு ஒரு போன்தான். "அவங்க கிளம்பிட்டாங்க சார். எங்கயோ வேற நாட்டுல ஏதோ பிரச்னையாம். எல்லாத்தையும் விக்கறாங்க."

தொண்ணூற்றைந்தில் விலை பாதியாகி, பாதியில் பாதியாகி, தொண்ணூற்றாறு பொங்கலுக்கு இருபதில் வந்து நின்றது. அப்போது ஊரில் சிலர் விற்க வந்தார்கள். வாங்க ஆள் இல்லை. ஆடியில் மேகமலை கேட்டில் கதவடைப்பு நோட்டீஸ் ஒட்டினார்கள். பொன்னுராஜ் குடும்பம் மெட்ராசில் இருந்தது.

பால்ச்சாமி சும்மா இருக்கவில்லை. மாரிசாமியைக் கையோடு கூட்டிக்கொண்டு செண்பகத்தோப்பு மில்லுக்குப் போனான். அங்கே புது கார்டிங் ஓடிக்கொண்டிருந்தது. மாரிசாமி மெஷின் பக்கத்தில் நின்று காற்றில் கையை வீசிப் பார்த்தாராம். உள்ளங்கையில் துளிப் பஞ்சுகூட ஒட்டவில்லையாம்.

மில் டாக்டர் அவர் நெஞ்சைப் படம் பிடித்தார். படத்தைப் பார்த்தார். "இந்த நெஞ்சோட உங்களை எந்த மில்லுக்குள்ளயும் விட முடியாதுங்க" என்றார்.

"அவரு அழலடே," என்று பிறகு பால்ச்சாமி ஐயாதுரையிடம் சொன்னான். "பஸ்ல வரும்போது, நல்ல மெஷின்தான், ஆனா எங்களுக்கு வரவேண்டியது இதைவிடப் பெருசுன்னாரு. நான் என்னத்தச் சொல்ல?"

*

தொண்ணூற்றேழு, மாசி மாதம். மேகமலை ஷேருக்குத் திடீரென்று ஒரு கிராக்கி. ஒன்பது ரூபாய்க்கு எவ்வளவு வந்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று மெட்ராசிலிருந்து ஆர்டர்.

ஊரே பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது. இப்போது விற்பதில் யாருக்கும் வெட்கமில்லை. எல்லா வீடும் நொடித்திருந்தது. ஐயாதுரையின் மேஜையில் மஞ்சள் கறை பட்ட காகிதங்கள் குவிந்தன.

செல்லக்கனியும் வந்தாள். மாரிசாமிக்கு வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வைக்கச் சொல்லியிருந்தார்கள். அவரையும் ஆட்டோவில் கூட்டிவந்திருந்தாள். வெளியே பலகைக்குக் கீழே ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"உள்ள எதுக்குப் போறன்னு கேட்டாவ. உன்னப் பாத்துட்டு வாரேன்னு சொல்லியிருக்கேன்," என்றாள் தணிந்த குரலில். "சத்தியம் பண்ணினது அவியதான. நான் பண்ணலையே."

பத்திரங்களை மேஜையில் வைத்தாள்.

"இப்ப யாருலே வாங்குதா இதை?"

ஐயாதுரை பேனாவைத் திறந்தான்.

"சொல்லு."

"அன்னிக்கு வித்த பெரிய வீட்டுக்காரவியதான்க்கா. இருநூத்தி எண்பதுக்கு வெள்ளைக்காரன்ட்ட வித்தாவ. இப்ப ஒம்பதுக்கு நம்மகிட்டருந்து வாங்குதாவ. மில்லு எடத்தை ப்ளாட் போடப் போறதாப் பேச்சு."

செல்லக்கனி தம்பியைப் பார்த்தாள். பிறகு அவன் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டாள்.

வெளியே பேச்சுச் சத்தம். பஸ்ஸுக்கு நிற்கிற ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் எவனோ மாரிசாமியிடம் வாயைக் கொடுத்திருந்தான்.

"பெரிசு, உங்க மில்லு பூட்டிக் கெடக்கு, எங்க மில்லு ஓடுதுல்லா?"

"ஓடும்டே, ஓடும்." மாரிசாமியின் குரல் விட்டு விட்டு வந்தது. "ரெண்டு கோடி மில்லுதான அது? எங்களுக்கு வந்தது..." இருமல் வந்து பேச்சை விழுங்கியது. நெடுநேரம் இருமினார். பிறகு வாசல் பக்கம் தலையைத் திருப்பி, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கூப்பிட்டார்.

"மாப்ள... இவனுக்குச் சொல்லு மாப்ள... நம்ம ஊருக்கு எம்புட்டு வந்துச்சு?"

செல்லக்கனி தலை நிமிராமல் மூன்றாவது ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பதினெட்டு கோடி மச்சான்," என்றான் ஐயாதுரை.